வாசகர் கேள்வி பதில்: பெரிய பைக்கின் பெட்ரோல் கணக்கு

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது ஆயிரம் சி.சி. ஸ்போர்ட் டூரிங் பைக். சென்ற ஜூலையில் மனைவியுடன் சென்னைக்குப் போனபோது லிட்டருக்கு 19 கி.மீ. கிடைத்தது, அதே சாலையில் திரும்பியபோது 16 மட்டுமே. சென்னைக்கு இறக்கம், பெங்களூருக்கு ஏற்றம், அதனால்தான் இந்த வித்தியாசம் என்கிறார் நண்பர். நகருக்குள் 12-ஐத் தாண்டுவதே இல்லை. என்ஜினில் ஏதேனும் கோளாறு இருக்குமா? – வாசகர், அல்சூர்

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. நண்பர் சொல்லும் காரணமும் பொய்யல்ல. ஆனால் அதன் பங்கு மிகச் சிறியது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி, நீங்கள், உங்கள் மனைவி, சாமான்கள் எல்லாம் சேர்த்து 400 கிலோ என்று வைத்துக்கொண்டு, ஒரு லிட்டர் பெட்ரோலின் வெப்ப ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் சக்கரத்தை வந்தடைகிறது என்பதையும் கணக்கில் எடுத்தால், அந்த எடையை அவ்வளவு உயரம் ஏற்றுவதற்கு ஆகும் கூடுதல் பெட்ரோல் அரை லிட்டருக்கும் குறைவு. இறங்கும்போது மிச்சமாவதும் அதிகபட்சம் அதே அளவுதான். உங்கள் கணக்குப்படி, 350 கி.மீ. தூரத்துக்குப் போகும்போது பதினெட்டரை லிட்டரும் வரும்போது ஏறத்தாழ இருபத்திரண்டு லிட்டரும் செலவாகியிருக்கின்றன. இடையில் உள்ள மூன்றரை லிட்டரில் ஏற்ற இறக்கத்தின் பேரில் ஒரு லிட்டரைக்கூட எழுத முடியாது.

மீதிக்குக் காரணம் பெரும்பாலும் காற்று. ஜூலை, தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, வேலூர் வழியில் காற்று பொதுவாக மேற்கிலிருந்து வீசும். கிழக்கு நோக்கிப் போகும்போது அது முதுகில் தள்ளியது. திரும்பும்போது மார்பில் மோதியது. காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவது. நீங்கள் 100 கி.மீ. வேகத்தில் செல்ல, காற்று வெறும் 10 கி.மீ. வேகத்தில் வீசினாலும், போகும்போது வண்டி உணரும் காற்று 90, வரும்போது 110. முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள தடை விகிதம் 81-க்கு 121, அதாவது ஒன்றுக்கு ஒன்றரை. இதோடு, போகும்போது விடியலுக்கு முன் கிளம்பி, திரும்பும்போது ஞாயிறு மாலையில் பெங்களூர் நெரிசலில் அத்திப்பள்ளியிலிருந்து சில்க் போர்டு வரை கிளட்சைப் பிடித்தபடி ஊர்ந்து வந்திருந்தால் (பலரும் அப்படித்தான் வருகிறோம்) 16 கிடைத்ததே நல்ல கணக்கு.

நகருக்குள் ஏன் 12? இதற்கு இந்த வகை என்ஜினின் இயல்பையே பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, கவாஸாகி நிஞ்ஜா 1000 எஸ்எக்ஸ் 1043 சி.சி., 142 குதிரைத்திறன், 238 கிலோ எடை. சமதளத்தில் 100 கி.மீ. வேகத்தில் நிதானமாகச் செல்ல இப்படிப்பட்ட வண்டிக்குச் சுமார் பத்துக் குதிரைத்திறன் போதும். 80-இல் அதில் பாதிக்குச் சற்று மேல். நகரத்து வேகத்தில் தேவை இன்னும் குறைவு. கல்யாணச் சமையல் அண்டாவில் இரண்டு பேருக்குக் காபி போடுவதைப் போல, நான்கு பெரிய சிலிண்டர்கள் இந்தச் சிறிய வேலைக்காகச் சுழன்றாக வேண்டும். என்ஜினுக்குள் காற்று நுழையும் வாயிலான திராட்டில் (throttle) கொஞ்சமே திறந்திருக்கும்போது காற்றை உள்ளிழுக்கவே என்ஜின் தன் உழைப்பில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது. உள் உராய்வுக்குச் செலவாவதும் சுமை குறைந்ததற்காகக் குறைந்துவிடுவதில்லை. சிக்னலில் நிற்கும்போது மைலேஜ் பூஜ்யம். நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் கால் டன் வண்டியை ஓட்டத்துக்குக் கொண்டுவந்து, அந்த ஆற்றலை அடுத்த சிக்னலில் பிரேக்கில் சூடாகக் கரைத்துவிடுகிறோம். வீட்டிலிருந்து நான்கைந்து கிலோமீட்டரில் அலுவலகம் என்றால் என்ஜின் முழுச்சூட்டை எட்டுவதற்குள் பயணமே முடிந்துவிடும். குளிர்ந்த என்ஜினுக்கு வண்டியின் கணினி கூடுதலாகவே பெட்ரோல் விடும்.

இதே காரணத்தால்தான், வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனால் மைலேஜ் ஏறிக்கொண்டே போகும் என்பதும் சரியல்ல. இத்தகைய வண்டிகள் பொதுவாக மேல் கியரில் 60-லிருந்து 80 வரையிலான சீரான வேகத்தில்தான் குறைவாகக் குடிக்கும். அதற்கு மேல் காற்று விலை கேட்கத் தொடங்கும். 80-லிருந்து 120-க்குப் போனால் வண்டியைத் தள்ள வேண்டிய விசை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. என்ஜினின் திறமை சுமையோடு சற்றுக் கூடுவதால் பெட்ரோல் செலவு இரட்டிப்பாவதில்லை என்பது மட்டும் ஆறுதல். தயாரிப்பாளர்களும் இதை அறிவார்கள்: மேற்சொன்ன வண்டிக்குப் பின் வந்த நிஞ்ஜா 1100 எஸ்எக்ஸில் என்ஜினைப் பெரிதாக்கி, உச்சத் திறனை 136 ஆகக் குறைத்து, ஐந்தாம் ஆறாம் கியர்களை நீட்டியிருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் என்ஜின் மெதுவாகச் சுழல்வதற்கே அந்த ஏற்பாடு.

கேள்வி: என் வண்டியின் திரை 20 என்கிறது, டேங்க் நிரப்பிக் கணக்கிட்டால் 18.5 வருகிறது. நிறுவனம் சொல்லும் எண் இரண்டோடும் ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது? – வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: டேங்க் கணக்கை நம்புங்கள், ஆனால் ஒரே ஒரு டேங்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள். திரையில் தெரிவது, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் எவ்வளவு நேரம் திறந்திருந்தன என்பதிலிருந்து கணினி ஊகிக்கும் அளவு. அதில் சில சதவீதப் பிழை சாதாரணம். டேங்க் முறையில் பிழை வருவது பெரும்பாலும் நிரப்பும் விதத்தில். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும் வண்டியையும் நிமிர்ந்திருக்கும் வண்டியையும் ஒரே அளவுக்கு நிரப்ப முடியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் வண்டியை நிமிர்த்திப் பிடித்து, கூடுமானவரை அதே பெட்ரோல் பங்கில், கையேடு குறிப்பிடும் மட்டம் வரை மட்டும் நிரப்பி, நான்கைந்து டேங்குகளின் மொத்த தூரத்தை மொத்த லிட்டரால் வகுங்கள். பங்கின் அளவில் சந்தேகம் இருந்தால், முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக் கலத்தில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதில் 25 மில்லி வரையிலான வித்தியாசம் அனுமதிக்கப்பட்டது, அதாவது அரை சதவீதம். உங்கள் ஒன்றரை கிலோமீட்டரை அது விளக்காது. வேகமானி உண்மை வேகத்தைவிடச் சற்று அதிகமாகவே காட்டும்படி அமைக்கப்படுகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 100-இல் போனேன் என்பவர் உண்மையில் 95-இல் போயிருக்கக்கூடும்.

நிறுவனத்தின் எண் பொதுவாக டபிள்யூ.எம்.டி.சி. என்ற உலகப் பரிசோதனைச் சுழற்சியிலிருந்து வருவது. பரிசோதனைக்கூடத்தில், உருளையின் மேல், வகுத்துவைத்த வேகங்களில் வண்டியை ஓட்டி எடுப்பார்கள். பெரிய வண்டிகளுக்கான பகுதியில் வேகம் 125 வரை போகும். ஆனால் அங்கே எதிர்க்காற்றும் பின்னிருக்கைக்காரரும் பெட்டிகளும் பெல்லந்தூர் நெரிசலும் கிடையாது. ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிட அந்த எண் நல்லது. உங்கள் மாதச் செலவைக் கணிக்க உதவாது.

கேள்வி: 2017-இல் வாங்கிய வண்டி. முன்பு நெடுஞ்சாலையில் 18 கொடுத்தது, இப்போது 14. எல்லாம் எத்தனால் செய்யும் வேலை என்கிறார் மெக்கானிக். நூறு ஆக்டேன் பெட்ரோலுக்கு மாறலாமா? – வாசகர், சிவாஜிநகர்

பதில்: இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் நம் பெங்களூரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஆகவே இ20 எனப்படும் இந்தக் கலப்பில், கலப்பில்லாப் பெட்ரோலோடு ஒப்பிட்டால், ஆறு ஏழு சதவீத ஆற்றல் குறைகிறது. பத்து சதவீதக் கலப்போடு ஒப்பிட்டால் வித்தியாசம் அதில் பாதிதான். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையும், கலப்பில்லாப் பெட்ரோலுக்கென வடிவமைத்துப் பத்து சதவீதத்துக்கு இசைவாக்கிய இருசக்கர வாகனங்களுக்கு மூன்று நான்கு சதவீத இழப்பையே மதிப்பிட்டது. 18-லிருந்து 14 என்பது இருபத்திரண்டு சதவீதம். எத்தனாலின் மேல் பழியைப் போட்டுவிட்டு உங்கள் மெக்கானிக் தப்பித்துக்கொள்கிறார் என்றே நினைக்கிறேன். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்து பிரேக் உரசுகிறதா என்று சோதியுங்கள். ஏர் ஃபில்டர், சங்கிலியின் இறுக்கம், டயர் அழுத்தம், ஆக்சிஜன் சென்சார், என்ஜின் தன் வழக்கமான சூட்டை எட்டுகிறதா என்பது ஆகியவற்றை வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ரப்பர்க் குழாய்களுக்கு எத்தனால் ஒத்துவருமா என்பது தனிக் கேள்வி; அதைத் தயாரிப்பாளரிடமே கேளுங்கள்.

ஆக்டேன் அதிகம் என்பதற்காக மட்டும், அது தேவைப்படாத என்ஜினில் மைலேஜ் கூடிவிடாது. ஆக்டேன் என்பது தட்டல் (என்ஜினுக்குள் பெட்ரோல் தானாக வெடித்து எரிவது) இல்லாமல் எரியும் தன்மையின் அளவு. ஆற்றலின் அளவு அல்ல. நூறு ஆக்டேன் பெட்ரோலில் எத்தனால் இல்லாததால் மைலேஜ் ஆறேழு சதவீதம் கூடினாலும், விலை அதைவிடப் பல மடங்கு விகிதத்தில் கூடியிருக்கிறது.

கேள்வி: மைசூருக்குப் போய் வந்தால் மைலேஜ் மிகவும் குறைகிறது. நெடுஞ்சாலைதானே? பக்கப் பெட்டிகளைக் கழற்ற வேண்டுமா? – வாசகர், ராஜாஜிநகர்

பதில்: 2023 ஆகஸ்ட் 1 முதல் பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலையின் மையப் பாதையில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை, ஆயிரம் சி.சி. என்றாலும் சர்வீஸ் சாலைதான். வேகத்தடைகளும் குறுக்குச் சாலைகளும் நிறைந்த அந்தப் பாதையில் நெடுஞ்சாலைக் கணக்கை எதிர்பார்க்க முடியாது. அங்கே காற்றுத் தடையின் பங்கு குறைவு என்பதால் பெட்டிகளைக் கழற்றினாலும் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. சென்னைச் சாலையில் நூறுக்கு மேல் ஓட்டுபவரானால், காலிப் பெட்டிகளை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.