'ஸ்டூல்' ஏன் 'டூல்' ஆகிறது?

கேள்வி: நெதர்லாந்தில் ஐந்தோவனில் இருக்கிறோம். வீட்டில் தமிழ்தான். மகளுக்கு இரண்டே கால் வயது. டேகேர் போக ஆரம்பித்ததிலிருந்து டச்சுச் சொற்களும் வருகின்றன. ஆனால் நாற்காலியை 'ஸ்டூல்' என்று சொல்லாமல் 'டூல்' என்கிறாள். பலூனுக்கு 'பல்லொன்' என்று சொல்ல வராமல் வெறும் 'லொன்' என்கிறாள். தமிழ்தான் குழப்புகிறது, வீட்டிலும் டச்சு பேசுங்கள் என்கிறார்கள் நண்பர்கள். லோகோபீடிஸ்டிடம் (பேச்சுப் பயிற்சியாளரிடம்) காட்ட வேண்டுமா?

பதில்: தமிழை நிறுத்தாதீர்கள். நீங்கள் எழுதிய இரண்டுமே தமிழே காதில் விழாத டச்சுக் குழந்தைகளும் இந்த வயதில் சொல்பவை. 'பல்லொன்' அவர்கள் வாயிலும் 'லொன்' ஆகிறது, வாழைப்பழமான 'பனான்' வெறும் 'நான்' ஆகிறது.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், டச்சு அளவுக்கு நுணுக்கமாகக் குழந்தைப் பேச்சு ஆராயப்பட்ட மொழிகள் குறைவு. பவுலா ஃபிக்கர்ட், கிளாரா லெவெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 12 குழந்தைகளின் பேச்சை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என ஏறக்குறைய ஓராண்டு பதிவு செய்தார்கள். பதிவு தொடங்கியபோது எந்தக் குழந்தைக்கும் இரண்டு வயது ஆகவில்லை. அந்தப் பதிவுகளை வைத்து இருவரும் 1994இல் லைடன் பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வேடுகள் அளித்தார்கள். இன்றும் மற்ற ஆய்வாளர்கள் அந்தத் தரவைத்தான் தேடிப் போகிறார்கள்.

முதலில் 'லொன்'. டச்சில் ஒரு சொல்லின் ஓர் அசை மட்டும் மற்றவற்றைவிட அழுத்தமாக ஒலிக்கும். பெரும்பாலும் அது முதல் அசை. 'பல்லொன்' விதிவிலக்கு, அதில் இரண்டாவது அசைக்குத்தான் அழுத்தம். குழந்தை அந்த அழுத்தமான அசையைப் பிடித்துக்கொண்டு முன்னால் உள்ளதை விட்டுவிடுகிறது. ஃபிக்கர்ட் கண்ட அடுத்த படிகள் உங்களுக்கு இப்போதே தெரிந்திருப்பது நல்லது. சில வாரங்களிலோ மாதங்களிலோ அவள் இரண்டு அசையும் சொல்லுவாள், ஆனால் அழுத்தத்தை முதல் அசைக்கு மாற்றிவிடுவாள். டேகேரில் யாராவது "தப்பாகச் சொல்கிறாள்" என்று சொன்னாலும் சொல்வார்கள். அது பின்னடைவு இல்லை, முன்னேற்றம். டச்சின் வழக்கமான அச்சு எது என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள், அதில் இந்தச் சொல்லையும் வார்க்கிறாள். அப்புறம் இரண்டு அசைக்கும் ஒரே அழுத்தம் தருவாள், கடைசியில் பெரியவர்கள் சொல்வது போல வரும்.

அடுத்தது 'டூல்'. லெவெல்ட் உள்ளிட்ட மூவர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், அசைகள் ஒரு வரிசையில் வருவது தெரிந்தது. ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்த எளிய அசை முதலில், பிறகு மெய்யில் முடியும் அசை. இரண்டு மெய் ஒட்டி வருவது எல்லாவற்றுக்கும் கடைசி. அங்கே குழந்தைகள் இரு வழியாகப் பிரிகிறார்கள். சிலருக்குச் சொல்லின் இறுதியில் இரட்டை மெய் முதலில் வருகிறது, சிலருக்குத் தொடக்கத்தில். பக்கத்து வீட்டுக் குழந்தை 'ஸ்டூல்' என்று தெளிவாகச் சொல்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது வேறு வழியில் போகிற குழந்தையாக இருக்கலாம்.

சொல்ல வராததால் அவள் காதில் சரியாக விழவில்லை என்றும் நினைக்க வேண்டாம். 19 மாத டச்சுக் குழந்தைகளிடம் படம் காட்டி, 'பல்' (பந்து) போன்ற தெரிந்த சொல்லின் ஒரு மெய்யை மட்டும் மாற்றிச் சொன்னபோது, சரியான படத்தைப் பார்ப்பது குறைந்தது. அதாவது, அந்தச் சிறு மாற்றம்கூட அவர்கள் காதில் விழுந்தது. அதனால் நீங்களும் 'டூல்' என்று கொஞ்சிப் பேச வேண்டாம். "எங்கே, ஸ்டூல் சொல்லு" என்று நிறுத்தி வைத்துச் சொல்லச் சொல்லவும் வேண்டாம். அவள் 'டூல்' என்றால், "ஆமா, ஸ்டூல்ல உக்காரலாம் வா" என்று சொல்லிவிட்டு விளையாட்டைத் தொடருங்கள், போதும்.

தமிழால் இழப்பு உண்டா? தமிழ்ச் சொல் இரட்டை மெய்யில் தொடங்காது, உண்மைதான். அந்தப் பயிற்சி அவளுக்கு டேகேரில் கிடைக்கிறது. ஆனால் தமிழால் லாபமும் உண்டு. தமிழைப் போலவே டச்சிலும் குறில் நெடில் மாறினால் பொருள் மாறும்: 'மன்' என்றால் ஆள், 'மான்' என்றால் நிலா. 2007இல் வந்த ஓர் ஆய்வில் 18 மாதக் குழந்தைகளுக்கு 'டம்', 'டாம்' என்ற புதுச் சொற்களைப் பழக்கினார்கள். டச்சுக் குழந்தைகள் குறில் நெடிலை வெவ்வேறு சொல்லாக எடுத்துக்கொண்டார்கள், ஆங்கிலக் குழந்தைகள் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. உங்கள் மகளோ வீட்டில் தினமும் கல்லும் காலும், படமும் பாடமும் கேட்டு வளர்கிறாள். குறில் நெடில் பேதம் அவளுக்குப் புதிது இல்லை. நீங்கள் தட்டுத்தடுமாறிப் பேசும் டச்சைவிட, சரளமான தமிழில் சொல்லும் கதையும் சண்டையும் சமாதானமும்தான் அவள் மொழியை வளர்க்கும்.

எப்போது காட்ட வேண்டும்? இரண்டு மொழியையும் சேர்த்துப் பார்த்தும் இரு சொல் வாக்கியமே வரவில்லை என்றால் இப்போதே. மூன்று வயதில் வெளியாட்களுக்கு அவள் பேச்சில் பாதிகூடப் புரியவில்லை என்றாலும் காட்டுங்கள். 'டூல்' என்பதில் உள்ள அந்த ஒற்றை மெய்யும் விழுந்து 'ஊல்' என்று, எல்லாச் சொல்லும் உயிரிலேயே தொடங்கினால் அது வழக்கமான பாதை இல்லை, அதையும் காட்ட வேண்டும். அடிக்கடி சளி பிடித்து, கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கிறாள் என்றால் முதலில் காது. பிறந்தபோது செய்த செவிச் சோதனை சரியாக இருந்தாலும் பிறகு நடுக்காதில் நீர் கோக்கலாம்.

குழந்தைகள் நல மையத்திலேயே இதைக் கேட்கலாம், அவர்கள் லோகோபீடிஸ்டிடம் அனுப்புவார்கள். போகும்போது அவள் பேசும் தமிழ்ச் சொற்களையும் ஒரு தாளில் எழுதி, அவள் உச்சரிப்பது எப்படி என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு போங்கள். உண்மையான பேச்சுக் கோளாறு இரண்டு மொழியிலும் தெரியும். டச்சை மட்டும் வைத்து ஒருவர் முடிவு சொன்னால், தமிழையும் கணக்கில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.