முகர்ஜிக்குள் ஒரு வாத்தியார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வங்க நாவலாசிரியர் சரத்சந்திரர் பெயரை ஒரு பதிப்பில் சட்டர்ஜி என்றும் இன்னொன்றில் சட்டோபாத்யாய என்றும் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றா? கடைசியில் வரும் ‘ஜி’, காந்திஜி என்பதுபோல மரியாதைக்குச் சேர்த்ததா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டும் ஒன்றுதான். ஆனால் அந்த ‘ஜி’ மரியாதை விகுதி அல்ல.

வங்காளத்துப் பிராமணர்களில் ராடி என்ற பிரிவினரின் குடும்பப் பெயர்கள் இவை. முன்பாதி, முன்னோர் மானியமாகப் பெற்ற ஊர் என்பது குலமரபு. அதைக் ‘காஞி’ என்பார்கள். பின்பாதி உபாத்தியாய. இச்சொல் பிராகிருதத்தில் உவஜ்ஜாய ஆனது. பிறகு ஓஜா, ஜா என்று தேய்ந்தது. வங்காளிகளின் பேச்சில் இன்றும் முகுஜ்ஜே, சாடுஜ்ஜே என்றுதான் வரும். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த ‘ஜ்ஜே’தான் ‘ஜி’ ஆயிற்று. அதே உபாத்தியாயர்தான் தமிழில் உவாத்தி ஆகி, வாத்தியாராக நம் பள்ளிக்கூடத்தில் நிற்கிறார். முகர்ஜியும் வாத்தியாரும் ஒரே வேரில் கிளைத்தவர்கள் என்பது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

முகர்ஜி முகோபாத்யாய, பானர்ஜி பந்த்யோபாத்யாய, கங்கூலி கங்கோபாத்யாய. ஆங்கிலத்தில் சௌரவ் கங்கூலி, மமதா பானர்ஜி என்று எழுதப்படுபவர்கள் வங்க நாளிதழ்கள் பலவற்றில் நீண்ட வடிவத்தில் வருவார்கள். 1885இல் காங்கிரசின் முதல் தலைவரான உமேஷ் சந்திரரும் பானர்ஜிதான். சரோஜினி நாயுடு பிறந்த வீட்டில் சட்டோபாத்யாய. பட்டாச்சாரியா இந்த வரிசையில் சேராது. பட்டர், ஆச்சாரியர் என்ற இரு பட்டங்கள் சேர்ந்த பெயர் அது.

நூலகத்தில்தான் சிக்கல். ஒரே எழுத்தாளர் ‘ப’வில் பானர்ஜியாகவும் பந்த்யோபாத்யாயவாகவும் இருப்பார், வடமொழி வடிவத்தைப் பின்பற்றிய மொழிபெயர்ப்புகளில் ‘வ’வில் வந்த்யோபாத்யாயவாகவும் இருப்பார். மூன்று இடத்திலும் பாருங்கள். அதைவிட, முதல் பெயரை வைத்துத் தேடுவது நல்லது. விபூதிபூஷண், தாராசங்கர், மாணிக் மூவரும் பந்த்யோபாத்யாயர்கள், மூவரும் நாவலாசிரியர்கள், சமகாலத்தவர்கள். ஆனால் ஒரே குடும்பத்தினர் அல்லர். குடும்பப் பெயரை மட்டும் பார்த்து எடுத்தால் ஒருவர் நாவலை இன்னொருவருடையது என்று படித்துவிடுவீர்கள். இதிலும் மாணிக் என்பது புனைபெயர். அவருடைய இயற்பெயர் பிரபோத் குமார். பட்டியலில் மாணிக் என்றே தேடுங்கள்.