கருவாட்டுக் காசும் ரோமாபுரியும்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். ரோமானியர் பாடத்தை 'கி.மு. 753-இல் ரோமுலஸ் ரோம் நகரை நிறுவினான்' என்று ஆரம்பித்தாலே பாதி வகுப்பு கொட்டாவி விடுகிறது. கிளாடியேட்டர் சண்டை வீடியோ ஒன்றைப் போட்டுத் தொடங்கலாமா?
— ஓர் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: போடுங்கள், விசில் பறக்கும். முடிந்ததும் 'மிஸ், இன்னொரு தடவை' என்பார்கள். ரத்தத்தைக் காட்டிவிட்டு செனட் சபையைப் பற்றிப் பேசினால் எவன் கேட்பான்?

அதைவிட, மூத்திரத்தில் தொடங்குங்கள். முகம் சுளிக்க வேண்டாம், நிஜமாகத்தான் சொல்கிறேன். பேரரசன் நீரோவின் ஊதாரித்தனமும் அவனுக்குப் பின் வந்த உள்நாட்டுப் போரும் கஜானாவைத் துடைத்து வைத்திருந்த நேரத்தில், கி.பி. 69-இல் பேரரசரானவர் வெஸ்பாசியன். அந்தக் காலத்து ரோமில் துணி வெளுக்கச் சோப்பு போடும் வழக்கம் கிடையாது. சலவைக்காரர்கள் அழுக்கு நீக்கவும், தோல் பதனிடுபவர்கள் தோலிலிருந்து முடி நீக்கவும் புளித்த சிறுநீரைத்தான் பயன்படுத்தினார்கள். அதில் உள்ள அம்மோனியா செய்யும் வேலை அது. பொதுக் கழிப்பிடங்களில் சேரும் அந்தச் சரக்குக்கு வெஸ்பாசியன் வரி போட்டார். மகன் டைட்டஸ், 'இதற்கெல்லாமா வரி?' என்று முணுமுணுத்தபோது, வசூலான காசை அவன் மூக்கருகே நீட்டி, 'நாற்றம் அடிக்கிறதா?' என்று கேட்டாராம். ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதி வைத்திருக்கிறார்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, 'இதையே நம்ம ஊரில் எப்படிச் சொல்வோம்?' என்று கேளுங்கள். 'கருவாடு விற்ற காசு நாறுமா' என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வரும். வராவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் கிளாடியேட்டரும் இந்த வழியாகவே வந்துவிடுவார். கிளாடியேட்டர்கள் மோதிய கொலோசியம் அரங்கத்தைக் கட்டத் தொடங்கியது இதே வெஸ்பாசியன், கி.பி. 80-இல் திறந்து வைத்தது மூக்கைச் சுளித்த அதே டைட்டஸ். சுவைக்காக, மூத்திர வரியில் கட்டிய அரங்கம் என்று மட்டும் அடித்துவிடாதீர்கள். அதற்குச் செலவானது யூதப் போரில் கொள்ளையடித்த செல்வம்.

இந்தப் பேச்சே வேண்டாம், தலைமையாசிரியர் வராந்தாவில் நடமாடுவார் என்றால், சுவரில் தொங்கும் காலண்டர் போதும். லத்தீனில் 'செப்டம்' என்றால் ஏழு, 'அக்டோ' என்றால் எட்டு. அப்புறம் செப்டம்பர் எப்படி ஒன்பதாம் மாதமானது? ஐந்து நிமிடம் அடித்துக்கொள்ளட்டும். பழைய ரோமானிய ஆண்டு மார்ச்சில் பிறந்தது என்பதைப் பிறகு அவிழ்த்துவிடுங்கள். ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் என்று வெறும் எண்ணாக இருந்த இரண்டை, கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசருக்கும் கி.மு. 8-இல் முதல் பேரரசர் அகஸ்டஸுக்கும் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். குடியரசு போய்ப் பேரரசு வந்த கதைக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. பருவத்தோடு ஒட்டாமல் ஓடிக்கொண்டிருந்த நாள்காட்டியைச் சரிசெய்ய சீசர் கி.மு. 46-ஐ 445 நாள் கொண்ட ஆண்டாக இழுத்தடித்தார் என்பதையும் சொல்லுங்கள். 'அந்த வருஷம் முழுப் பரீட்சை எப்போ மிஸ்?' என்பான் ஒருவன். அவன் பாடத்துக்குள் வந்துவிட்டான் என்று அர்த்தம்.

அரிக்கமேடு, யவனர், மிளகு ஆகியவற்றை முதல் நாளே எடுக்காதீர்கள். 'நம்மகிட்டதான் வாங்கினாங்க' என்ற குஷியில் ரோம் காணாமல் போய்விடும். மூன்றாவது பீரியடில் வரட்டும்.

வீடியோ போடும் நாளில் அதற்கு முன் கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து எட்டாகப் பிரியுங்கள். 'பீட்சா!' என்பார்கள். அது கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை மூடிய ஹெர்குலேனியத்தில் கரியாகக் கிடைத்த ரொட்டி. மேலே முத்திரை உண்டு: 'செலர், குவின்டஸ் கிரானியஸ் வேருஸின் அடிமை.' ரொட்டியில் பெயர் இருக்கிறது, பெயருக்குரியவனோ இன்னொருவன் சொத்து. அதை எழுதிப் போட்டுவிட்டு வீடியோவை ஓடவிடுங்கள். அரங்கத்தில் வெட்டிக்கொள்பவர்களிலும் பெரும்பாலோர் அடிமைகள்தான்.