கரப்பான் அரிப்பு: அடங்கியிருக்கும் நாளிலும் மருந்து வேண்டும்

கேள்வி: எனக்கு 34 வயது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. சின்ன வயதில் முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான் (எக்ஸிமா) இருந்தது. பெரியவளானால் போய்விடும் என்றார்கள். கொஞ்ச வருஷம் போயும்விட்டது. கல்யாணத்துக்குப் பிறகு திரும்ப வந்து, இப்போது கழுத்து, கண்ணிமை, கைகள் எல்லாம் பரவிவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து சொறிகிறேன். காலையில் பார்த்தால் தலையணை உறையில் ரத்தக்கறை. மெடிக்கலில் தரும் ட்யூப் போட்டால் மூன்று நாளில் அடங்குகிறது, விட்டால் பத்தே நாளில் முன்பைவிட மோசம். பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டால் ஒரு மாதம் நிம்மதி. இந்த வருஷம் மட்டும் நான்கு ஊசி ஆகிவிட்டது. அரிப்புக்குச் செட்டிரிசின் மாத்திரை தினமும் போடுகிறேன். மாமியார் சொல்லி கத்தரிக்காய், கருவாடு, மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. போன வாரம் வகுப்பில் ஒரு பையன், "டீச்சர், இது எங்களுக்கும் ஒட்டிக்குமா?" என்று கேட்டான். வீட்டுக்கு வந்து அழுதேன். இது முழுசாகக் குணமாகுமா டாக்டர்? என் நான்கு வயது மகளுக்கும் வருமா?

பதில்: அந்தப் பையனின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒட்டாது. தொட்டாலும், ஒரே துண்டில் துடைத்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் கரப்பான் ஒட்டாது. நாளைக்கே வகுப்பில் இதைச் சொல்லுங்கள். பிள்ளைகள் பயத்தில்தான் கேட்கிறார்கள்; சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

ஆனால் நீங்கள் சொல்வது கரப்பான்தானா என்பதை ஒரு மருத்துவர் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். சின்ன வயதில் ஆரம்பித்தது, மடிப்புகளில் வருவது, அடங்கி அடங்கித் திரும்புவது எல்லாம் அதையே காட்டுகின்றன. இருந்தாலும் ராத்திரி அரிப்பு என்றதும் எனக்கு இரண்டு சந்தேகம் வரும். வீட்டில் மற்றவர்களுக்கும் அரிக்கிறதா, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் சின்னச் சின்னக் கொப்புளம் இருக்கிறதா? இருந்தால் அது சிரங்கு. வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். வட்டமாக ஓரம் தடித்துப் பரவுகிறதா? அப்படியானால் படர்தாமரை, அது பூஞ்சைத் தொற்று. மெடிக்கலில் கேட்டதும் எடுத்துத் தரும் ட்யூப்களில் பல, பூஞ்சை மருந்தோடு, அழற்சியை அடக்கும் வீரியமான ஸ்டீராய்டு மருந்தையும் கலந்தவை. படர்தாமரைமேல் அதைத் தடவினால் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளுக்குள் தழைக்கும். ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கியது. அதன் பிறகும் உங்களைப் போன்றவர்கள் கையில் அந்த ட்யூப் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

சரி, கரப்பான்தான் என்று வைத்துக்கொண்டு பேசுவோம். உங்கள் ஊர் வயல் வரப்பைப் பார்த்திருப்பீர்கள். நண்டு வளை வைத்த வரப்பில் தண்ணீர் நிற்காது. எவ்வளவு இறைத்தாலும் கசிந்து போய்விடும். கரப்பான் தோல் அப்படிப்பட்ட வரப்பு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறுகிறது. வெளியில் இருக்கும் தூசி, சோப்பு, கிருமி எல்லாம் உள்ளே நுழைகின்றன. நுழைந்ததைப் பார்த்து உடம்பின் எதிர்ப்புச் சக்தி மிதமிஞ்சிக் கொதிக்கிறது. 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் குழுவினர் இதற்கு ஒரு முக்கியக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஃபிலாக்ரின் என்ற தோல் புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் குறை இருப்பவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு அதிகம். எல்லாருக்கும் இந்தக் குறை இருக்காது. ஆனால் வரப்பு பலவீனம், கரப்பான் உள்ள எல்லாருக்கும் பொது. பழைய மருத்துவம் இதை "ரத்தம் கெட்டுப்போச்சு" என்றது. உங்கள் ரத்தத்தில் கெட்டது ஒன்றுமில்லை.

செட்டிரிசின் ஏன் கேட்கவில்லை என்பதும் இதிலிருந்து புரியும். திடீரென்று தடித்து, சில மணி நேரத்தில் மறையும் காணாக்கடிக்கு உடம்பில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் காரணம். அதற்கு அந்த மாத்திரை நன்றாக வேலை செய்யும். கரப்பான் அரிப்பில் ஹிஸ்டமினுக்குப் பங்கு குறைவு. இன்டர்லூகின் என்ற வேறு வேதிப்பொருள்கள் நேராக நரம்பைத் தூண்டுகின்றன. தூக்கம் வரவழைக்கும் பழைய வகை மாத்திரை கண்ணை அசத்துமே தவிர அரிப்பை நிறுத்தாது. உங்கள் மாத்திரை தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். இந்த அரிப்புக்கான மாத்திரையே அது இல்லை.

இப்போது ட்யூப். மூன்று நாளில் அடங்கி, பத்து நாளில் திரும்புகிறது என்றீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமான வரி அதுதான். கண்ணுக்குச் சிவப்பு மறைந்ததும் நோய் போய்விடுவதில்லை. தோலுக்கு அடியில் அழற்சி இன்னும் புகைந்துகொண்டிருக்கும். நீங்கள் ஒவ்வொரு தடவையும் பாதியில் நிறுத்துகிறீர்கள். ஸ்டீராய்டு என்றாலே தோல் மெலிந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம், பயமே இல்லாமல் மாதக்கணக்கில் தடவுவது இன்னொரு பக்கம். நான் பார்த்தவரை நோயாளிகள் இந்த இரண்டுக்கும் நடுவில் அல்லாடுகிறார்கள். சரியான வீரியத்தில், சரியான அளவில், மருத்துவர் சொன்ன நாள்வரை தடவினால் ஸ்டீராய்டு களிம்பு நல்ல மருந்து. அளவுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஆள்காட்டி விரலின் நுனிப்பக்கத்து மடிப்புக் கோட்டிலிருந்து நுனிவரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து உங்கள் இரண்டு உள்ளங்கை அளவுள்ள இடத்துக்குப் போதும். பலர் இதில் கால்வாசிகூடத் தடவுவதில்லை.

தோல் முழுக்கச் சமமான பிறகு, அடிக்கடி வந்து போகும் இடங்களில் மட்டும் வாரத்தில் இரண்டு நாள் அதே களிம்பைத் தடவும் வழக்கம் ஒன்று உண்டு. தோல் நன்றாக இருக்கும் நாளில் எதற்கு மருந்து என்று தோன்றும். அப்படித் தடவுகிறவர்களுக்கு நோய் திரும்பக் கிளம்புவது தெளிவாகக் குறைகிறது. உங்கள் மருத்துவரிடம் இந்த முறையைக் கேளுங்கள்.

கண்ணிமையில் மட்டும் அந்த ட்யூபை இன்றே நிறுத்துங்கள். வீரியமான ஸ்டீராய்டு இமைமேல் தொடர்ந்து பட்டால் கண்ணழுத்தம் ஏறலாம், கண்புரை வரலாம். முகத்துக்கும் இமைக்கும் ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு இருக்கிறது. முதல் சில நாள் எரியும், பிறகு பழகிவிடும், தோலை மெலிய வைக்காது. கண்ணை அழுத்தித் தேய்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். வருஷக்கணக்கில் தேய்த்தால் கருவிழியின் வடிவமே மாறிவிடலாம். பார்வை மங்கலாகத் தெரிந்தால் கண் மருத்துவரைப் பாருங்கள்.

ஊசியைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. போட்டதும் ஒரு மாதம் அடங்குகிறது என்றால் பெரும்பாலும் அது ஸ்டீராய்டு ஊசி. சர்க்கரை ஏறும், எலும்பு பலம் இழக்கும், உடம்புக்கான ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி சோம்பிப்போகும், வேகம் தீர்ந்ததும் கரப்பான் முன்பைவிடக் கிளம்பும். ஒரு வருஷத்தில் நான்கு என்பது அதிகம். என்ன ஊசி என்று அந்தக் கிளினிக்கில் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை. அசதி, தலைச்சுற்றல், காரணமில்லாத எடை இழப்பு இருந்தால் அதையும் தோல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தினசரி வைத்தியத்தில் பெரிய பங்கு ஈரப்பத களிம்புக்குத்தான். அதை அழகுசாதனமாக நினைத்து வீட்டில் முணுமுணுப்பார்கள். உங்கள் வரப்பில் நண்டு வளையை அடைப்பது அதுதான், அது மருந்து. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடத்துக்குள் குளித்து, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன் தடவுங்கள். மறுபடியும் ராத்திரி. உடம்பு முழுக்கத் தடவ வேண்டிய பெரியவர்களுக்கு வாரம் 250 கிராம்கூடச் செலவாகும். விலை உயர்ந்த புட்டி தேவையில்லை, சாதாரண வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி போதும். சித்திரை வெயிலில் அதைப் பூசிக்கொண்டு பஸ்ஸில் போனால் வியர்வை அடைத்து இன்னும் அரிக்கும். பகலில் லேசான க்ரீம், ராத்திரியில் கெட்டியானது என்று பிரித்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயும் நல்லது. பெட்ரோலியம் ஜெல்லி, பாரஃபின் களிம்பு தடவுகிறவர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும்: அவை ஊறிய துணி சட்டென்று தீப்பற்றும். அடுப்பருகே போகும்போது அந்தப் புடவையோடு, நைட்டியோடு நிற்காதீர்கள்.

சோப்பு காரத்தன்மை உடையது. நம் தோலோ லேசான அமிலத்தன்மை உடையது. நுரை அதிகம் வரும் சோப்பை விட்டு, காரமில்லாத குளியல் கட்டிக்கு மாறுங்கள். கடலை மாவு, பயத்தமாவு தேய்ப்பது புண்பட்ட தோலில் உரசும். வேப்பிலை மஞ்சள் அரைத்துப் பூசச் சொல்வார்கள்; ஆறாத தோலில் அது எரிச்சல் கிளப்புவதையும், மஞ்சளே ஒவ்வாமையாகிவிடுவதையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சாக்பீஸ் தூசி கையை உலர வைக்கும். வகுப்பு முடிந்ததும் வெறும் தண்ணீரில் கழுவிக் களிம்பு போடுங்கள். கைப்பையில் ஒரு சின்ன டப்பா இருக்கட்டும்.

ராத்திரி இரண்டு மணிக்கு என்ன செய்வது? சொறியாதே என்று சொல்வது சுலபம், அரிப்பவருக்குத்தான் தெரியும். சொறியும்போது வரும் வலி அரிப்பை ஒரு நிமிடம் அமுக்கும், பிறகு புண்பட்ட தோல் இரண்டு மடங்கு அரிக்கும். கையை முஷ்டியாக இறுக்கி முப்பது எண்ணுங்கள். பிறகு அரிக்கும் இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள், அல்லது ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு அதன் பிறகு களிம்பு தடவுங்கள். களிம்பை ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் இதம். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: "சொறியாதே" என்று அதட்டுவதைவிட, எழுந்து முதுகில் களிம்பு தடவிவிட்டால் அது பெரிய உதவி.

சாப்பாட்டுக்கு வருவோம். உங்கள் மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார். கத்தரிக்காயும் கருவாடும் கரப்பான் பண்டம் என்பது தலைமுறையாக வரும் பேச்சு. ஆனால் ஒரு வருஷம் நிறுத்தியும் நோய் கூடித்தான் இருக்கிறது என்றால் உங்களுக்கு அதில் பதில் கிடைத்துவிட்டது. பெரியவர்களின் கரப்பானுக்கு உணவு காரணமாவது அரிது. ஒன்றைச் சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் ஒவ்வொரு தடவையும் தடிப்போ வீக்கமோ வந்தால் அதை மட்டும் நிறுத்துங்கள். மற்றபடி முட்டையும் மீனும் திரும்பச் சாப்பிடுங்கள். முக்கியமாக, இந்தப் பத்தியத்தை மகள்மேல் ஏற்றாதீர்கள். அவள் வளரும் பிள்ளை.

மகளுக்கு வருமா என்றால், தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதல்தான், நிச்சயம் இல்லை. பெரும்பாலும் இது குழந்தைப் பருவத்தின் முதல் சில வருஷங்களிலேயே தலைகாட்டிவிடும். நான்கு வயதுவரை அவள் தோல் நன்றாக இருப்பது நல்ல செய்தி. வராமல் தடுக்க என்று முன்கூட்டியே களிம்பு பூசுவதிலும் பலனில்லை. பிறந்த குழந்தைகளுக்கு ஒரு வருஷம் பூசிப் பார்த்த பெரிய இங்கிலாந்து ஆய்வு 2020-ல் அதைத்தான் சொன்னது.

முழுசாகக் குணமாகுமா? வேரோடு எடுத்துவிடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பெரியவர்களிடம் இது வந்து போகும் நோய். ஆனால் ராத்திரி தூங்கி, காலையில் கறையில்லாத தலையணையைப் பார்க்கும் வாழ்க்கை உங்களுக்குக் கிடைக்கும். இதை நம்பிக்கையோடு சொல்கிறேன். களிம்பு போதாவிட்டால் சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்சேட் மாத்திரைகள் உண்டு, ரத்தப் பரிசோதனையோடு தர வேண்டியவை. அடுத்த குழந்தைக்குத் திட்டமிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெத்தோட்ரெக்சேட் அப்போது கூடவே கூடாது. 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டுபிலுமாப் ஊசி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போடுவது. உங்களுக்குப் போட்ட ஊசி மாதிரி இல்லை, அரிப்பைத் தூண்டும் பாதையை மட்டும் அடைக்கும். விலைதான் கைக்கு எட்டாதது.

ஒரு எச்சரிக்கை. கரப்பான் இடத்தில் திடீரென்று ஒரே மாதிரி சின்னக் கொப்புளங்கள் கொத்துக்கொத்தாக வந்து, குடைந்தெடுத்தது போலப் புண்ணாகி, வலியோடு காய்ச்சலும் இருந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள் பொருக்கும் சீழும் வந்தாலும் தாமதிக்க வேண்டாம்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது இதுவரை போட்ட எல்லா ட்யூபையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஊசிச் சீட்டும் அதில் இருக்கட்டும். தோலை நன்றாகக் காட்ட வேண்டும், அதனால் அன்றைக்குக் காலையில் மட்டும் ட்யூப் தடவாமல் போங்கள்.