பழைய செங்கல்லில் பின்முற்றம்: சிமென்ட் வேண்டாம், வாட்டம் வேண்டும்

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய அவுட்ஹவுஸை இடித்ததில் சுமார் 1,200 செங்கல் கிடைத்திருக்கிறது. எல்லாம் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. அதை வைத்துச் சமையலறைக்குப் பின்னால் 15 அடிக்கு 12 அடியில் உட்கார ஒரு தளம் போட ஆசை. கீழே கான்கிரீட் போட்டு, மேலே சிமென்ட் கலவையில் கல்லைப் பதித்தால்தான் நிற்கும் என்கிறார் கொத்தனார். அப்படித்தான் செய்ய வேண்டுமா? இந்தக் கல் நம் ஊர் மழைக்குத் தாங்குமா?

பதில்: தாங்கும், பொறுக்கி எடுத்தால். சிமென்ட் வேண்டியதில்லை. உங்கள் கொத்தனார் சொல்வது சமவெளியில் பல வீடுகளில் நடக்கிற முறைதான். ஆனால் பழைய செங்கல் சிமென்ட்டைவிட மென்மையானது. மழையில் ஊறிய கல் எப்படியாவது காய வேண்டும். சுற்றிலும் சிமென்ட் இறுக்கிக்கொண்டால் ஈரம் கல்லின் முகம் வழியாகத்தான் வெளியேறும். போகிற போக்கில் உப்பையும் இழுத்துவந்து, முகத்தைப் பொருக்குப் பொருக்காக உதிர்த்துவிடும். ஜல்லிப் படுகை, அதன் மேல் மணல், மணல் மேல் கல் என்று போட்டால் தண்ணீர் கீழே இறங்கிவிடும். எங்காவது ஒரு கல் அமுங்கினால் அதை மட்டும் நெம்பி எடுத்து, மணல் தூவி, திரும்ப வைக்கலாம். மலை மண் அசையும் மண். அதன் மேல் போடும் தளமும் கொஞ்சம் அசைந்துகொடுக்க வேண்டும்.

முதலில் கல்லைத் தரம் பிரியுங்கள். சுண்ணாம்புக் காரை என்பது உங்கள் அதிர்ஷ்டம். கொல்லறின் (கொத்தனார் கரண்டியின்) முதுகால் தட்டினாலே உதிர்ந்துவிடும். எங்காவது சிமென்ட் ஒட்டியிருந்து, இரண்டு தட்டில் வரவில்லை என்றால் அந்தக் கல்லை விட்டுவிடுங்கள். ஆசிட் ஊற்றவே கூடாது. சுத்தமான இரண்டு கற்களை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். வெண்கலக் கிண்ணம் போல ‘கிண்’ என்றால் நன்றாக வெந்த கல். ‘தொப்’ என்றால் வேகாதது. ஆணியால் கீறினால் ஆழமாகக் கோடு விழுகிற கல்லும் தளத்துக்கு ஆகாது. பழைய கட்டடங்களில் வெளிச்சுவருக்கு நல்ல கல்லையும் உள்சுவருக்குச் சுமாரான கல்லையும் வைத்திருப்பார்கள். அதனால் வெளிமுகம் கறுத்து, பாசி படிந்த தழும்போடு இருக்கும் கல்லை ஒதுக்கிவிடாதீர்கள். இத்தனை வருட மழையைப் பார்த்து நின்ற கல் அது. அடுப்புப் புகைபோக்கியில் இருந்த கல்லை மட்டும் வேண்டாம் என்பேன். கரியும் உப்பும் உள்ளே ஏறியிருக்கும். பழைய பெயின்ட் ஒட்டிய கல்லையும் தேய்த்துச் சுத்தம் செய்யாதீர்கள். அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், தேய்க்கும்போது தூசியாகப் பறக்கும்.

சந்தேகமான ரகத்தில் ஐந்தாறு கல்லை எடுத்து நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். நம் ஊர் வெயிலில் மூன்று நாளாவது ஆகும். அப்புறம் 24 மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வெட்டவெளியில், தரையில் கிடக்கப்போகிற கல்லுக்கு நான் 15 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வேன். மூன்று கிலோ கல் என்றால் 450 கிராம். ஊட்டியில் உறைபனி விழும் பள்ளங்களில் இருப்பவர்கள் இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும். கல் குடித்த தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும், கல் வெடிக்கும்.

இப்போது கணக்கு. ஒன்பதுக்கு நாலரைக்கு மூன்று அங்குலக் கல்லைப் படுக்கவைத்தால் சதுர அடிக்கு சுமார் மூன்றரைக் கல். ஓரத்தில் மட்டும் பக்கவாட்டில் நிறுத்தி ஒரு வரிசை வைக்க வேண்டும். வீட்டுச் சுவர் போக மீதி 39 அடிக்கு 150 கல் பிடிக்கும். நடுவில் 530. உடைசல் சேர்த்தால் 750. உங்கள் 1,200-ல் மூன்றில் ஒரு பங்கு கழிந்தாலும் 800 மிஞ்சும். சரியாக இருக்கும்.

கடப்பாரையை எடுக்கும் முன் ஒரு மழை நாளில் பின்வாசலில் நின்று, தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பாருங்கள். இதை நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குன்னூரில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டுக் கொடுத்தேன். பார்க்க அழகாக வந்தது. ஐப்பசி மழை முடிந்து போய்ப் பார்த்தால், வெளிப்பக்கப் பாதி நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. அந்தக் கோட்டுக்கு உள்ளே இருந்தது வெட்டிய மண், வெளியே இருந்தது கொட்டிய மண். மலையில் சமமான இடம் என்று நாம் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளியதுதான். நான் கடப்பாரை போட்டுப் பார்க்காமல் விட்டது தப்பு. நீங்கள் நாலு இடத்தில் குத்திப் பாருங்கள். ஒரு பக்கம் கெட்டியாக நின்று, இன்னொரு பக்கம் சரக்கென்று இறங்கினால், அல்லது தோண்டும்போது ஓட்டுச்சில்லும் பழைய வேரும் வந்தால், அது கொட்டிய மண். அந்தப் பக்கத்தில் ஜல்லியை நாலு அங்குலத்துக்குப் பதில் ஆறாகப் போட்டு, திமிசு (மண் இடிக்கும் கட்டை) போட்டு நன்றாக இடிக்க வேண்டும். ஓரம் தடுப்புச் சுவரை ஒட்டி வருகிறது என்றால் மூன்று அடியாவது தள்ளியே தளத்தை முடித்துவிடுங்கள்.

வாட்டம், அதாவது தண்ணீர் வடியக் கொடுக்கும் சரிவு, அடிக்குக் கால் அங்குலம். 12 அடிக்கு மூன்று அங்குல இறக்கம். உங்கள் பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்திருந்தால் வீட்டிலிருந்து வெளியே வாட்டம் கொடுத்தால் போதும். மேட்டைப் பார்த்திருந்தால் கதை வேறு. மேலிருந்து வரும் தண்ணீரை மேட்டின் அடியிலேயே ஒரு வாய்க்கால் போட்டுப் பிடித்து, தளத்தைப் பக்கவாட்டில் சரிக்க வேண்டும். எப்படியானாலும் அந்தத் தண்ணீர் ஏற்கெனவே இருக்கும் வடிகாலில்தான் சேர வேண்டும். தடுப்புச் சுவரின் முதுகில் கொண்டுபோய் விடாதீர்கள்; பின்னால் தேங்கும் தண்ணீர்தான் சுவரைத் தள்ளும். 2009 நவம்பர் மழையிலும் மண்சரிவிலும் நீலகிரி பட்ட பாட்டை நேரில் பார்த்த யாருக்கும் இது விளக்க வேண்டியதில்லை.

தோண்ட வேண்டியது எட்டு அங்குலம்; கொட்டிய மண் பக்கம் பத்து. கையாலேயே முடியும். ஜேசிபி இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், இவ்வளவு சின்ன வேலைக்கு அது தேவையும் இல்லை. தளத்தின் மேல்மட்டம் வீட்டின் பேஸ்மென்ட் மட்டத்திலிருந்து ஆறு அங்குலமாவது கீழே இருக்கட்டும், இல்லையென்றால் சமையலறைச் சுவரில் ஈரம் ஏறும். ஜல்லியை இரண்டு இரண்டு அங்குலமாகப் பரப்பி இடியுங்கள். இடித்தால் அமுங்கும் என்பதால் முக்கால் யூனிட் (75 கன அடி) வாங்க வேண்டியிருக்கும். வாட்டத்தை ஜல்லியிலேயே கொண்டுவந்துவிடுங்கள், மணலில் சரிசெய்து கொள்ளலாம் என்று விடாதீர்கள். மணல் எல்லா இடத்திலும் ஒரே அங்குலம்தான். சொரசொரப்பான எம் சாண்ட் கேளுங்கள். பூச்சுக்கு வரும் பி சாண்ட்டும் கிரஷர் தூளும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்.

கல் வைக்கும்போது கம்பெனி எழுத்துப் பள்ளம் கீழே போகட்டும். பழைய கல் ஒன்று போல ஒன்று இருக்காது. பாய் பின்னல் மாதிரிப் போட்டால் நாலாவது வரிசையிலேயே இடைவெளி கோணும். சுவர் கட்டுகிற மாதிரி வரிசை மாற்றி வைப்பதுதான் இந்தக் கல்லுக்கு ஒத்துவரும். மூன்று வரிசைக்கு ஒருமுறை நூல் கட்டிப் பாருங்கள். பலகையை மேலே வைத்து ரப்பர் சுத்தியால் தட்டி அமர்த்துங்கள். ஓர வரிசையை மட்டும் கெட்டியான படுகையில் ஆழமாக இறக்குங்கள். அதற்கு வெளியே, கண்ணில் படாத இடத்தில், கொஞ்சம் கான்கிரீட்டால் அணை கொடுப்பதில் தவறில்லை. கோத்தகிரியில் காட்டுமாடு வந்து போகாத புழக்கடை குறைவு. அது கால் வைத்தால் முதலில் பெயர்வது ஓரம்தான்.

வேலையை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இடுக்குகளில் காய்ந்த மணலைக் கொட்டி, துடைப்பத்தால் குறுக்கே தள்ளி நிரப்புங்கள். முதல் மழையில் அதில் கொஞ்சம் இறங்கிவிடும், பயப்பட வேண்டாம். வெயில் வந்ததும் மறுபடி நிரப்புங்கள். பாசிக்கு ஈர்க்குமாறும் சுடுதண்ணீரும் போதும். பிரஷர் வாஷர் அடித்தால் மணலோடு கல்லின் முகமும் போகும். பளபளப்புக்கு என்று விற்கும் சீலர் எதுவும் பூச வேண்டாம். மிச்சமுள்ள ஐம்பது கல்லைத் தூக்கிக் கொடுத்துவிடாமல் தாழ்வாரத்தின் கீழே அடுக்கி வையுங்கள். இதே நிறத்தில், இதே அளவில் வேறு எங்கும் கிடைக்காது.