தவிலின் கரகரப்பு – கடிதம்

அன்புள்ள சார்,

சென்ற மாதம் ஸ்பீக்கர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ‘வாங்கப் போகிறவர் முதலில், தாழ்ந்த ஒலியிலிருந்து உச்ச ஒலிவரை எதை எவ்வளவு சத்தமாகத் தருகிறது என்று காட்டும் அதன் அளவீட்டுக் கோட்டைப் பார்க்க வேண்டும், கடைக்காரர் போட்டுக்காட்டும் பாட்டைக் கேட்டு மயங்கக்கூடாது’ என்று அதில் ஒரு வரி. எங்கள் வீட்டில் இப்போது நடக்கும் சண்டையே அதைப் பற்றித்தான்.

நான் மார்த்தாண்டம் பக்கம். ரப்பர் ஷீட் வியாபாரம் செய்து ஓய்ந்தவன், வயது 67. 1996ல் வாங்கிய ஒரு ஜோடி ஸ்பீக்கர் இருக்கிறது, இடுப்பு உயரப் பெட்டி. மாலையில் விளக்கு வைத்த பிறகு இரண்டு மணிநேரம் நாதஸ்வரமோ பழைய வில்லுப்பாட்டு கேசட்டோ கேட்பேன். 14க்கு 14 ஹால், கிரானைட் தரை, பின்சுவரை ஒட்டி சோபா. அங்கே சாய்ந்து உட்கார்ந்தால் வேறெதுவும் வேண்டாம் எனக்கு.

மகன் பெங்களூரில் மென்பொருள் வேலை. ஓண லீவுக்கு வந்தவன் போனில் ஏதோ ஆப்பைப் போட்டு, சோபாவில் உட்கார்ந்தே அளந்து ஒரு கோடு காட்டினான். மேடும் பள்ளமுமாக இருந்தது. “அப்பா, இது ஸ்பீக்கர் இல்ல, வேளிமலை” என்றான். அவன் கொண்டுவந்த சின்னப் பெட்டியில் கோடு நேராக வருமாம். அதையும் கேட்டேன். ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருக்கிறது. என் பெட்டியில் தவில் வரும்போது ஒரு கரகரப்பு வரும் சார், இந்த இரண்டு மூன்று வருடமாக அது இன்னும் கூடியிருக்கிறது. நேரில் முன்னால் உட்கார்ந்து கேட்பது மாதிரி. அந்த உயிர் அவன் பெட்டியில் இல்லை.

வாழையில் எனக்கு மட்டிப்பழம் பிடிக்கும், அவனுக்கு ஏத்தம்பழம். எது சரி என்று மீட்டர் வைத்துச் சொல்ல முடியுமா? காதும் நாக்கு மாதிரிதானே?

பெயர் போட வேண்டாம். மகனும் உங்களை வாசிக்கிறான்.

ஒரு வாசகர்

அன்புள்ள அண்ணாச்சி,

மட்டியா ஏத்தனா என்பதில் எந்த மீட்டருக்கும் வேலை இல்லை. ஆனால் உங்கள் கணக்கில் பழம் எது? நாதஸ்வரம் பழம். வில்லுப்பாட்டு பழம். ஸ்பீக்கர் அந்தப் பழத்தைச் சந்தையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் கடவம். நேற்று அதே கடவத்தில் கருவாடு வந்திருந்தால் இன்றைக்கு மட்டியிலும் கருவாடு மணக்கும், ஏத்தனிலும் மணக்கும். அந்த மணம் எனக்குப் பிடித்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால் மறுக்க முடியாதுதான். அது பழத்தின் மணம் என்று அவர் சொன்னால் மறுத்தாக வேண்டும்.

மீட்டர்காரர்கள் எங்கிருந்தோ வந்து காதை அதட்டுகிறார்கள் என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. நடந்தது தலைகீழ். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் வேலைபார்த்த ஃப்ளாய்ட் டூல் 1980களில் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து, எல்லாவற்றையும் ஒரே ஒலியளவில் நிறுத்தி, ஆட்களை உட்காரவைத்து மதிப்பெண் போடச் சொன்னார். அதே பெட்டிகளை எதிரொலியில்லாத அறையில் வைத்துச் சுற்றிலும் அளந்தார். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எந்தப் பெட்டிகளுக்கு ஆட்கள் அதிக மதிப்பெண் போட்டார்களோ அவற்றின் கோடு நேராகவும் வழுவழுப்பாகவும் இருந்தது. முன்னால் நின்று அளக்கும்போது மட்டுமில்லை, பக்கவாட்டில் அளக்கும்போதும். நேர்கோடு நல்லது என்று யாரும் முதலிலேயே முடிவுசெய்து வைக்கவில்லை. காதுகள்தான் கையைக் காட்டின.

பக்கவாட்டுக் கோடு எதற்கு என்று உங்கள் ஹாலில் உட்கார்ந்தாலே தெரியும். ஸ்பீக்கரிலிருந்து நேரே வருவது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கிரானைட்டிலும் சுவரிலும் பட்டுத் திரும்பி வருவது. நேரே வருவது ஒரு குரலிலும் திரும்பி வருவது இன்னொரு குரலிலும் இருந்தால் காது குழம்பும். அதனால்தான் கிடைமட்டத்திலும் செங்குத்திலும் 10 டிகிரிக்கு ஒன்றாக மொத்தம் 70 இடங்களில் அளக்கும் வழக்கம் வந்தது. 2013ல் அமெரிக்காவில் அது ஒரு தரநிலையாகவே ஆனது.

டூலோடு சேர்ந்து உழைத்த ஷான் ஆலிவ் இன்னும் ஒருபடி போனார். 70 ஸ்பீக்கர்களின் கோடுகளை மட்டும் வைத்து, கேட்பவர்கள் என்ன மதிப்பெண் போடுவார்கள் என்று சொல்லும் ஒரு சூத்திரத்தை 2004ல் வெளியிட்டார். சூத்திரம் சொன்னதற்கும் ஆட்கள் போட்டதற்கும் ஒட்டுறவு 0.86. முழு ஒட்டுறவு என்றால் 1. அதற்கு முந்தைய வருடம் 268 பேரை வைத்து ஒரு சோதனை செய்திருந்தார். பயிற்சி பெற்ற காதுகள், ஸ்பீக்கர் விற்பவர்கள், மாணவர்கள் என்று பலதரப்பட்டவர்கள். பயிற்சி உள்ளவர்கள் கறாராக, குறைவாக மதிப்பெண் போட்டார்கள். வரிசை மட்டும் பெரிதாக மாறவில்லை. நீங்கள் சொல்லும் மட்டி–ஏத்தன் பிரிவினை இருந்திருந்தால் இப்படி வந்திருக்காது. வாழைப்பழத்தில் 268 பேரை இப்படி ஒரே வரிசைக்குக் கொண்டுவாருங்கள் பார்ப்போம்!

அப்படியானால் நம் வீடுகளில் ஏன் ஆளுக்கொரு தீர்ப்பு? நாம் திரையில்லாமல் கேட்கிறோம். 1994ல் டூலும் ஆலிவும் 40 பேரை வைத்து நான்கு ஸ்பீக்கர்களைத் திரையோடும் திரையில்லாமலும் கேட்கவைத்தார்கள். பெட்டியைக் கண்ணால் பார்த்ததும் பெரியதும் அழகானதும் மேலே போயின, சின்னதும் விலை குறைந்ததும் கீழே இறங்கின. திரையிருந்தபோது ஸ்பீக்கரை இடம் மாற்றினால் மதிப்பெண்ணும் மாறியது. திரையை எடுத்த பிறகு இடம் மாறியதையே பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. அந்த 40 பேரும் ஒலித்தொழிலில் இருக்கும் கம்பெனியின் ஆட்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஏனென்றால் எனக்கும் இது நடந்தது. நாகர்கோவிலில் ஒரு கடையில், சொன்னால் வீட்டில் இப்போதும் சண்டை வரும் ஒரு விலைக்கு, தேக்குநிறப் பெட்டி ஒரு ஜோடி வாங்கினேன். கடைக்காரர் இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். விலை கூடியதைப் போடும்போதெல்லாம் அவர் விரல் வால்யூம் திருகை மயிரிழை திருப்பியதை நான் பார்த்தேன். பார்த்தும் உறைக்கவில்லை. ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தால் காது ‘சத்தம் கூடுதல்’ என்று சொல்லாது, ‘நல்லா இருக்கு’ என்றுதான் சொல்லும்.

பிறகு ஒரு ஐப்பசி மழைநாளில் அக்கா மகன் தக்கலை வீட்டுக்கு அவனுடைய சின்னப் பெட்டியோடு வந்தான். என்னுடையதின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். கதவுநிலையில் மல் வேட்டி ஒன்றை ஒற்றையாகக் கட்டினோம். தடித்த துணி ட்ரெபிளை, அதாவது கீச்சென்ற உச்ச ஒலிகளை, தின்றுவிடும். என்னுடையதில் ஒன்று, அவனுடையதில் ஒன்று, அருகருகே. ஒற்றை ஸ்பீக்கரில்தான் குறைகள் நன்றாகத் தெரியும், இதுவும் டூல் கண்டதுதான். பிங்க் நாய்ஸ் என்று ஓர் இரைச்சல் உண்டு, குளச்சல் கடற்கரையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் கேட்குமே கிட்டத்தட்ட அது. அதை ஓடவிட்டு இரண்டையும் ஒரே அளவில் நிறுத்தினோம். அதற்குப் போன் ஆப் போதும், ஒரே இடத்தில் வைத்து ஒப்பிடுவதுதானே.

கேட்க உட்கார்ந்தது நான், என் மனைவி, மழைக்கு ஒதுங்கிய பக்கத்துத் தெரு தவில்காரர். நான்கு சுற்று. மூன்று சுற்றில் நான் ‘இதுதான் என்னுடையது, இதுதான் சங்கீதம்’ என்று சொன்னது அக்கா மகனின் பெட்டியை. மனைவி நான்கிலும் அதையே சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள், இதில் ஒரு சஸ்பென்ஸ் இருக்கிறது என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. தவில்காரர் சொன்னதைத்தான் உங்களுக்காக எழுதுகிறேன். “ரெண்டாமத்ததுல தொப்பியில கம்பு விழுறது தனியா கேக்கு, தோலு தனியா கேக்கு. மொதல்ல உள்ளதுல சத்தம் மட்டும்தான் கேக்கு சாரே.” தொப்பி என்றால் தவிலில் கம்பால் அடிக்கும் பக்கம். முதலாவது என்னுடையது.

நான் அதை விற்கவில்லை. ஹாலில் பார்க்க நன்றாக இருக்கிறது. அது என் ரசனை, கண்ணின் ரசனை. அதைக் காதின் கணக்கில் எழுதாமல் இருந்தால் சரி.

இன்னொன்று பழக்கம். கொடியேற்று வந்தால் தென்னையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில்தான் நமக்கெல்லாம் பாட்டு. குழாயில் பாஸ் என்கிற கனத்த தாழ்ந்த ஒலி கிடையாது. நடுவில் உள்ள குரல் மட்டும் கூர்மையாக முன்னால் துருத்திக்கொண்டு வரும். பத்து வயதுவரை அதில் மட்டுமே கேட்டு வளர்ந்த எனக்கு ஒழுங்கான ஸ்பீக்கரை முதலில் கேட்டபோது பாடகருக்கு ஜலதோஷம் என்றுதான் தோன்றியது. நீங்கள் ஆஸ்பத்திரி என்கிறீர்களே, அதே சங்கதி. மகனின் பெட்டியை ஒரு மாதம் வைத்திருந்துவிட்டுப் பழையதற்குத் திரும்பிப் பாருங்கள்.

வயதையும் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு 67, எனக்கு 58. உச்ச அதிர்வெண்கள் நம்மை விட்டுப் போய்க்கொண்டே இருக்கின்றன. அதற்காகக் கீச்சென்று ஒலிக்கும் ஸ்பீக்கர் வேண்டும் என்று சிலர் வாதிடுவார்கள். கோயிலில் நேரில் நாதஸ்வரம் கேட்கப் போகும்போதும் இதே காதைத்தானே கொண்டுபோகிறோம்? ட்ரெபிள் கூடுதலாக வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபயரில் திருகு இருக்கிறது, வேண்டுமட்டும் திருப்பிக்கொள்ளுங்கள். மெதுவாகக் கேட்கும்போது பாஸ் மெலிந்து போகும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933லேயே அளந்து காட்டியது அது. பழைய ஆம்ப்களில் ‘லவுட்னெஸ்’ என்ற பொத்தான் அதற்குத்தான். ரசனைக்கு இடம் அந்தத் திருகுகளில் தாராளமாக இருக்கிறது. பெட்டிக்குள்ளேயே ரசனையைப் பூட்டி வைத்தால் நாளைக்கு மனம் மாறும்போது திருப்ப முடியாது.

இனி உங்கள் மகனுக்கு. வாசிக்கிறார் என்பதால் நேரே சொல்கிறேன்.

தம்பி, உங்கள் வேளிமலையில் பாதி அப்பாவின் ஸ்பீக்கர் இல்லை, அப்பாவின் ஹால். சோபாவில் வைத்து எடுத்த கோட்டில் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுக்கும் குறைந்த தாழ்ந்த ஒலிகளில், அறைதான் பேசும். 14 அடி என்றால் 4.27 மீட்டர். நம் ஊர்ச் சூட்டில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். இரண்டு சுவருக்கு நடுவே அறையே சேர்ந்து முழங்கும் முதல் ஒத்ததிர்வு ஏறக்குறைய 40 ஹெர்ட்ஸில் விழும், அடுத்தது 80ல். ஹால் சதுரம் என்பதால் நீளத்திலும் அகலத்திலும் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து அடிக்கும். சுவரோரம் அழுத்தம் உச்சம், அங்கேதான் சோபாவும் கிடக்கிறது. உங்கள் சின்னப் பெட்டியை அங்கே வைத்து அளந்தாலும் 80ல் ஒரு குன்று எழும்பும். அளந்தீர்களா? இன்னொன்று, எதிரொலியில்லா அறையில் நேர்கோடாக இருக்கும் நல்ல ஸ்பீக்கர் வீட்டு அறையில் மெல்லக் கீழே சரியும் கோட்டைத்தான் தரும். அதை, ஒலியைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் நிமிர்த்தி நேராக்கினால் அப்பா சொல்லும் ஆஸ்பத்திரிதான் மிஞ்சும். அவர் குறையை நீங்கள் அப்படியே தள்ளிவிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. ஆலிவின் சூத்திரத்தில் சுமார் 30 சதவீதம் பாஸின் கணக்கு. சின்னப் பெட்டியில் அது எவ்வளவு தூரம் இறங்குகிறது? குடத்தில் பத்தி (அடிக்கும் மட்டை) விழும் கும் என்ற ஓசை வரவில்லையென்றால் வில்லுப்பாட்டில் பாதி போயிற்று.

அண்ணாச்சி, அவர் கிறிஸ்துமஸுக்கு வரும்போது வேட்டியைக் கட்டிச் சோதித்துப் பாருங்கள். அதற்கு முன் சோபாவைச் சுவரிலிருந்து மூன்றடி முன்னால் இழுத்துப் போடுங்கள், காசில்லாத வேலை.

அதற்கும் முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தக் கரகரப்பு. அதுவும் இரண்டு மூன்று வருடமாகக் கூடிவருகிறது என்பது. 1996ல் வந்த பெட்டிகளில் பலவற்றில் ஊஃபரின், அதாவது பாஸ் தரும் பெரிய ஸ்பீக்கரின், கோன் விளிம்பில் ஒரு ஃபோம் வளையம் இருக்கும். ஈரக்காற்று பட்டுப்பட்டு அது மட்கும், நம் ஊரிலோ வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். மட்கினால் கோன் நிலைகொள்ளாமல் ஆடும், உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் காந்தத்தில் உரசும். தவிலில் ஒவ்வொரு அடிக்கும் உரசும்.

நாளைக் காலை வெளிச்சத்தில் முன்பக்கத் துணிச்சட்டத்தைக் கழற்றி அந்த விளிம்பை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். வழுவழுவென்று வளைந்து கொடுத்தால் நான் சொன்னது தப்பு, எழுதுங்கள், மன்னிப்புக் கேட்கிறேன். தார் மாதிரி ஒட்டினாலோ நமத்த முறுக்குபோல உதிர்ந்தாலோ பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். வளையத்தை மட்டும் மாற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மாற்றிய பிறகு அதே கேசட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.