கேபினுக்குள் தண்ணீர்: வாசகர் கேள்விகள்

என் மர விசைப்படகு பழையது. மழை பெய்தால் கேபினில் படுக்கைப் பலகைக்கு மேலே சொட்டுகிறது. கூரையில் மூன்று தடவை சிலிக்கோன் அடித்தும் நிற்கவில்லை. மொத்தமாக ஃபைபர் போட்டுவிடலாமா?
*வாசகர், அக்கரைப்பேட்டை*

இப்போது வேண்டாம். ஃபைபரை ஒட்டவைக்கும் ரெசின் ஈர மரத்தில் பிடிக்காது. உப்பிக்கொண்டு உரியும், உள்ளே அடைபட்ட ஈரம் மரத்தை உளுக்கச் செய்யும். முதலில் தண்ணீர் நுழையும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அது சொட்டும் இடத்துக்கு நேர் மேலே இருப்பது அபூர்வம். கூரைக்கும் உள் பிளைவுட்டுக்கும் நடுவே ஓடி, குறுக்குச் சட்டம் தடுக்கும் இடத்தில், கிடைத்த ஆணி ஓட்டை வழியாக இறங்கும். படகு அமரம் (பின்பக்கம்) தாழ்ந்து நின்றால் நுழைவாயை அணியம் (முன்பக்கம்) பக்கமாகத் தேடுங்கள்.

உள் பிளைவுட்டைக் கழற்றுங்கள். ஒருவர் டார்ச்சுடன் உள்ளே, ஒருவர் ஹோஸுடன் வெளியே. பீச்சி அடித்தால் நல்ல இணைப்பிலும் தண்ணீர் புகும், மழைபோல வழியவிடுங்கள். கேபின் சுவரும் தளமும் சேரும் மூலையில் தொடங்கி, கண்ணாடிச் சட்டத்தின் கீழ் விளிம்பு, மேல் விளிம்பு, கடைசியாகக் கூரை என்று கீழிருந்து மேலே போக வேண்டும். ஓரிடத்துக்குப் 10 நிமிடம். மேலே தொடங்கினால் எல்லாமே நனைந்து எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். உள்ளே முகப்பவுடர் தூவி வைத்தால் துளி ஓடிய தடம் கோடாகத் தெரியும். கரையேற்றிய படகென்றால், தண்ணீரில் நிற்கும் அதே சாய்வில் முட்டுக்கொடுத்துவிட்டுச் சோதியுங்கள்.

கூரையில் முதல் சந்தேகம் கைப்பிடிக் கம்பியின் போல்ட்டுகள்மேல். ஆள் பிடித்து ஏறும்போதெல்லாம் அசைவதால் துளை தளர்ந்துவிடும். அடுத்தது ஆன்டெனா, விளக்குக் கம்பம், வயர் இறங்கும் துளை. துரு ஏறிய இரும்பு ஆணிகளையும் பாருங்கள். துரு பருத்து மரத்தைப் பிளக்கும்.

மேலே பூசிய சிலிக்கோன் இந்த அசைவைத் தாங்காது. பழைய சிலிக்கோன்மேல் புதியதும் ஒட்டாது. போல்ட்டைக் கழற்றி, பிளேடால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோன் துணியால் துடையுங்கள். 6 மி.மீ. போல்ட் துளையை 12 மி.மீ. ஆக்குங்கள். வரும் தூள் கறுத்து ஈரமாக இருந்தால் நல்ல மரம் தென்படும்வரை வெட்டி எடுக்க வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் அடியில் டேப் ஒட்டி, நைசான மரத்தூள் கலந்த எபாக்ஸியால் நிரப்பி, மறுநாள் நடுவில் 6 மி.மீ. துளை போடுங்கள். இனி சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) தோற்றாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது.

துளையின் மேல்வாயைக் கவுன்டர்சிங்க் பிட்டால் சற்று விரித்து, அதில் பாலியூரிதேன் சீலன்ட் வையுங்கள். 316 ஸ்டெயின்லெஸ் போல்ட், அடியில் அகல வாஷர். சுற்றிலும் சீலன்ட் பிதுங்கியதும் முடுக்குவதை நிறுத்துங்கள். ஒரேயடியாக இறுக்கினால் உள்ளே ஒன்றும் மிஞ்சாது. மறுநாள் கேபினுக்குள்ளிருந்து நட்டை மட்டும் இறுக்க வேண்டும். போல்ட் தலையைத் திருப்பினால் இறுகிய சீலன்ட் அறுந்துவிடும்.

ஜன்னலில் அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட் தகடு இருந்தால் அங்கே பாலியூரிதேன் கூடாது, தகட்டைக் கெடுக்கும். அதற்கு நியூட்ரல் க்யூர் (புளித்த வாடை வராத வகை) சிலிக்கோன்தான் சரி.

ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் கழற்றிப் போட்டுவிடுங்கள். அந்த வெயிலை விட்டால் மரம் காய வேறு நல்ல காலம் கிடையாது.

மழையே இல்லை. ஆனாலும் காலையில் கேபின் சுவர் நனைந்திருக்கிறது.
*வாசகர், பழையாறு*

ஒரு சாண் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். காலையில் தாளின் வெளிமுகம் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். கேஸ் அடுப்பும் ஆட்களின் மூச்சும் போதும் அதற்கு. கீழே ஒன்று, மேலே ஒன்று காற்றுவழி விடுங்கள். தாளுக்கு அடியில் ஈரம் என்றால் சுவர் வழியாகவே கசிகிறது.

உளுத்த மூலையை வெட்டி ஃபைபர் போட்டேன். இரண்டு நாளாகியும் பிசுபிசுக்கிறது.
*வாசகர், மல்லிப்பட்டினம்*

நகத்தால் அழுத்துங்கள். அடியில் கெட்டியாக இருந்து மேல்படலம் மட்டும் ஒட்டினால் பரவாயில்லை. அசிட்டோனால் துடைத்துப் பெயின்ட் அடிக்கலாம். நகம் பதிந்தால் ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் குறைவு, அல்லது மரத்தில் ஈரம். பெயர்த்தெடுத்துத் திரும்பப் போடுவதே வழி. ஒரு கிலோ பாலியெஸ்டர் ரெசினுக்கு 10 முதல் 20 மி.லி. ஹார்ட்னர். ஆக்சிலரேட்டர் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) தனியாகச் சேர்ப்பதென்றால் அதை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம் ஹார்ட்னரை ஊற்றுங்கள். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒரே டப்பாவில் அளக்கவும் கூடாது.